ஒரு விரல் கறுப்பு மண் பிறந்த கதை

வடசீனாவில் யேனான் நகரைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில், இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நட்ட ராபினியா மரங்களின் அடியில் மண்வெட்டியால் நேராக ஒரு வெட்டு வெட்டினால் மூன்று நிறம் தெரியும். மேலே காய்ந்தும் காயாமலும் சருகு. அதைக் கையால் ஒதுக்கினால் விரல் கனத்துக்குக் கருத்த மண். பொலபொலவென்று உதிரும், மயிரிழை வேர்கள் அதைப் பின்னிப் பிடித்திருக்கும். அதற்குக் கீழே வெளிர்மஞ்சள் மண். அது 50 மீட்டர், 100 மீட்டர், சில இடங்களில் 200 மீட்டருக்கும் மேல், பாறை தட்டுப்படாமல் இறங்கிக்கொண்டே போகும்.

நடுவிலிருக்கும் அந்தக் கருத்த விரலளவுதான் இந்தக் கதையின் நாயகன். அது எப்படிப் பிறந்தது, ஒரு சரிவில் கருத்து இன்னொரு சரிவில் ஏன் வெளிறிக் கிடக்கிறது, ஒரே சரிவிலும் ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவில் ஏன் காணாமல் போகிறது என்பதைப் பார்க்க வேண்டுமென்றால் மஞ்சள் மண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்த மஞ்சள் மண் காற்று கொண்டுவந்து கொட்டியது. ஏறத்தாழ 26 லட்சம் ஆண்டுகளாக, குளிர்காலம்தோறும் வடமேற்குப் பாலைவனங்களிலிருந்து வீசிய காற்று தூசியைச் சுமந்துவந்து போட்டுப் போட்டே ஒரு பீடபூமியை எழுப்பிவிட்டது. லோயஸ் பீடபூமி என்று பெயர். 6 லட்சத்து 40 ஆயிரம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு. இந்தத் தூசியை அடுக்கடுக்காகப் படித்து, பூமியின் பழைய தட்பவெப்பக் கணக்கு அதற்குள் இருக்கிறது என்று காட்டியவர் லியு துங்ஷெங். அதற்காக 2002-ல் டைலர் பரிசும் பெற்றார்.

சத்து என்று பார்த்தால் இது விசித்திரமான மண். தூசியோடு வந்த அபிரகமும் பெல்ஸ்பாரும் இருப்பதால் சாம்பல் சத்துக்குப் பஞ்சமில்லை. மணிச்சத்தும் உண்டு, ஆனால் மண்ணில் சுண்ணாம்பு மிகுதி என்பதால் அதோடு பிணைந்து கட்டுண்டு கிடக்கிறது, வேருக்கு எளிதில் கைக்கு எட்டாது. தழைச்சத்தும் கரிமச்சத்தும்தான் மிகக் குறைவு. அந்த இரண்டும் தூசியோடு வருவதில்லை. ஏதாவது ஒன்று அங்கே முளைத்து, வாழ்ந்து, செத்து, மக்கினால்தான் வரும். கறுப்பு மண் என்பது அப்படிச் செத்து மக்கியவற்றின் சேமிப்பு.

அந்தச் சேமிப்பு ஒரு காலத்தில் இருந்தது. தினையும் பனிவரகும் உலகில் முதன்முதலாகப் பயிரான இடங்களில் இந்தப் பகுதியும் ஒன்று. நைசான மண், கலப்பை இழுக்க இலகு, மலையைக் குடைந்தால் குடியிருக்க வீடு. ஆள் பெருகப் பெருக உழவு சமதளத்திலிருந்து சரிவுக்கு ஏறியது. ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் ஆண்டு மழையின் பெரும்பகுதி சில அடைமழைகளாகக் கொட்டித் தீர்த்துவிடும் ஊரில், உழுது விட்ட சரிவு என்ன ஆகும்? முதலில் போனது மேலே இருந்த கறுப்பு. பிறகு மஞ்சளே போகத் தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் மஞ்சள் ஆறு ஆண்டுக்குச் சராசரியாக 160 கோடி டன் வண்டலைச் சுமந்தது. அதில் பெரும்பங்கு இந்தப் பீடபூமியின் மண்.

அரசியலும் சரிவைச் சும்மா விடவில்லை. 1941-ல் யேனானுக்கு அருகே நான்னிவான் பள்ளத்தாக்கில், யேனானைத் தளமாகக் கொண்ட கம்யூனிஸ்ட் படையின் 359ஆம் படைப்பிரிவு காட்டையும் புதரையும் திருத்தி வயலாக்கியது. முற்றுகைக்கு நடுவே சோற்றுக்கு வழி தேடிய காலம், குறை சொல்ல முடியாது. 1964-ல் ஷான்சி மாகாணத்தின் தாசாய் கிராமத்தைப் பார்த்து எல்லோரும் விவசாயம் கற்றுக்கொள்ளுங்கள் என்று மாவோ அறைகூவல் விடுத்தபோது, மலையைப் படிக்கட்டாக வெட்டுவது நாடு முழுதும் பரவியது. படி வெட்டியதில் நன்மையும் உண்டு. ஆனால் எந்த மலையிலும் தானியம் விளைத்தாக வேண்டும் என்ற பிடிவாதம் சரிவுகளை மொட்டையாகவே வைத்திருந்தது.

திருப்பம் வந்தது 1990களின் கடைசியில். 1997-ல் மஞ்சள் ஆற்றின் கடைப்பகுதி 226 நாள் வற்றிக் கிடந்தது. அடுத்த ஆண்டே யாங்சி ஆற்றில் பெருவெள்ளம். ஒன்று வறட்சி, ஒன்று வெள்ளம். இரண்டுக்கும் பழி மேலே மொட்டையடிக்கப்பட்ட மலைகளின் மேல் விழுந்தது. இதோடு மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்தது. அதை ஏனோ பலர் சொல்வதில்லை. அப்போது நல்ல விளைச்சலால் அரசின் தானியக் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. வைக்க இடமில்லாத தானியம் கையில் இருந்ததால்தான், ‘நீ உழவை நிறுத்து, நான் சோறு போடுகிறேன்’ என்று ஓர் அரசு உழவனிடம் பேரம் பேச முடிந்தது. கறுப்பு மண்ணின் பிறப்புக்கு மழை, விதை, வேர் எல்லாம் காரணம் என்றால், நிரம்பிய கிடங்கும் ஒரு காரணம்.

1999 ஆகஸ்டில் பிரதமர் சூ ரோங்ஜி யேனானுக்கு வந்து சரிவுகளைப் பார்த்தார். விளைநிலத்தைக் காடாக மாற்று, மலையை மூடிப் பசுமையாக்கு, தனித்தனி ஆளுக்குக் குத்தகைக்கு விடு, கூலிக்குப் பதில் தானியம் கொடு என்பது அவர் வைத்த திட்டம். அந்த ஆண்டே ஷென்சி, கான்சு, சிச்சுவான் மாகாணங்களில் சோதனை ஓட்டம். 2002-ல் நாடு முழுதும். முதலில் 25 பாகைக்கு மேல் சாய்ந்த வயல்களைக் கைவிடச் சொன்னார்கள். மஞ்சள் ஆற்றுப் பகுதியில் நம் கணக்குக்கு ஏக்கருக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 600 கிலோ தானியமும் 120 யுவான் பணமும். கன்று வாங்க ஒருமுறை 300 யுவான். காட்டு மரம் வைத்தால் 8 ஆண்டு, பழமரம் வைத்தால் 5 ஆண்டு, புல் விட்டால் 2 ஆண்டு. சரிவில் உழுது கண்ட விளைச்சலை விடப் பல இடங்களில் இதுவே அதிகம். பிறகென்ன, கைகள் தாமாகக் கலப்பையை விட்டன. 3 கோடியே 20 லட்சம் குடும்பங்கள் சேர்ந்த திட்டமாக அது வளர்ந்தது. வூச்சி என்ற மாவட்டம் ஓராண்டு முந்திக்கொண்டு, 1998-லேயே மலையில் ஆடு மேய்ப்பதைத் தடை செய்திருந்தது.

அந்த 8, 5, 2 என்ற எண்களைக் கொஞ்சம் கவனியுங்கள். புல்லுக்கு இரண்டே ஆண்டுதான் மானியம் என்றால் யார் புல் விடுவார்கள்? உழவர் மரம் வைத்தார்கள். எந்தச் சரிவில் எது வளரும் என்பதை மண்ணும் மழையும் முடிவு செய்யவில்லை. மானியப் பட்டியல் முடிவு செய்தது. பின்னால் வந்த குழப்பங்களில் பாதிக்கு விதை அங்கேதான் இருக்கிறது.

நட்டவை பெரும்பாலும் ஐந்தாறு செடி கொடிகள்தாம். முதலிடம் ராபினியாவுக்கு. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மரம், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீனா வந்தது. நம் அகத்திக்கு உறவுமுறை. வேர்முடிச்சில் குடியிருக்கும் நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கும். இலை மெல்லியது, தழைச்சத்து மிகுந்தது, விழுந்தால் சீக்கிரம் மக்கும். சீனப் பைன் இதற்கு நேர் எதிர். முடிச்சு கிடையாது, ஊசியிலை பிசின் பிடித்தது, மக்க மனசில்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பைன் அடியில் சருகுப் பாய் தடிமனாக இருப்பதைப் பார்த்து மண் வளமாகிவிட்டது என்று ஏமாறக் கூடாது. சருகு மேலே நிற்கிறது, சத்து கீழே இறங்கவில்லை.

பீடபூமியின் வறண்ட வடபகுதிச் சரிவுகளுக்குப் புதர்தான் வந்தது. ஒன்று காரகானா, அவரைக் குடும்பத்து முள்புதர். இன்னொன்று ஆரஞ்சு நிறப் பழம் குலைகுலையாகக் காய்க்கும் சீ பக்தார்ன். நம் லடாக்கிலும் உண்டு. இதன் வேர்முடிச்சில் இருப்பது பிராங்கியா என்ற நுண்ணுயிர். சவுக்குத் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு அது அயலாள் இல்லை. சவுக்கு வேரில் இருப்பதும் அந்தக் கூட்டம்தான். தீவனப் பயிர்களில் குதிரைமசால்: ஹான் பேரரசு காலத்தில் குதிரைகளுக்குத் தீவனமாக மத்திய ஆசியாவிலிருந்து வந்து தங்கிவிட்டது. கடைசியாக, யாரும் நடாதவை. உழவு நின்ற சரிவில் தானாக முளைத்த மாசிப்பச்சை இனச் செடிகளும் ஊசிப்புல்லும்.

இனி மண்ணுக்குள் நடந்ததைச் சொல்ல வேண்டும். யேனானுக்கு வடக்கே அன்சாயில் சீன அறிவியல் கழகத்தின் ஆய்வு நிலையம் 1970களிலிருந்து இயங்குகிறது. அதன் பக்கத்திலுள்ள சிஃபாங்கோ ஓடைப்படுகையின் பரப்பு 8.27 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் உலகில் இவ்வளவு தோண்டிப் பார்க்கப்பட்ட மண் குறைவாகத்தான் இருக்கும். இந்தப் படுகையிலும் பீடபூமியின் மற்ற இடங்களிலும் திரும்பத் திரும்பத் தெரிந்தவற்றை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். மரம் வைத்த முதல் சில ஆண்டுகளில் கரிமச்சத்து ஏறாது, குறையக்கூடச் செய்யும். குழி தோண்டியதில் மண் கலைந்திருக்கும், விழச் சருகு இருக்காது. அதன்பின் ஏறும். ஏற்றம் முதலில் மேல் 10, 20 சென்டிமீட்டரில்தான். ஆழத்துக்குப் போகப் பல பத்தாண்டுகள் வேண்டும். முடிச்சு போடும் செடிகளின் அடியில் தழைச்சத்து முந்திக்கொண்டு ஏறும்.

மணிச்சத்து மட்டும் அசையாது. இது முக்கியம். தழைச்சத்துக்கு ஆகாயம் என்ற பெரிய கிடங்கு உண்டு. மணிச்சத்துக்கு அப்படி எதுவும் இல்லை. தூசியோடு வந்தது எவ்வளவோ அவ்வளவுதான். செடி செய்யக்கூடியவை இரண்டுதான்: வேரிலிருந்து அமிலம் கசியவிட்டுச் சுண்ணாம்பின் பிடியைத் தளர்த்தலாம், ஆழத்திலிருந்து உறிஞ்சி இலையாக மேலே போடலாம். இடம் மாற்றுகிறதே தவிர உண்டாக்குவதில்லை. அதனால் ராபினியா தோப்புக்கு வயதாக ஆகத் தழைச்சத்து தாராளமாகி, மணிச்சத்து தட்டுப்பாடாகத் தெரியத் தொடங்குகிறது. ஒரு பசியை ஆற்றினால் அடுத்த பசி தெரிகிறது.

நடாத சரிவிலும் ஒன்று நடந்தது. உழவு நின்று ஆடும் ஏறாத வெற்று மஞ்சள் மண்ணின் மேல், சில ஆண்டுகளில் ஒரு மெல்லிய தோல் படரும். சில மில்லிமீட்டர் கனம். காய்ந்திருக்கும்போது கருஞ்சாம்பலாக, மிதித்தால் நொறுங்கும். ஒரு மழை விழுந்ததும் பச்சையாகிவிடும். நீலப்பச்சைப்பாசியும் பாசிச்செடிகளும் சேர்ந்து நெய்த தோல் அது. மண்துகளை ஒட்டிப் பிடித்து, மழைத்துளியின் அடியைத் தாங்கும். நீலப்பச்சைப்பாசி தழைச்சத்தையும் பிடித்துவைக்கும். கறுப்பு மண்ணின் முதல் இழையை இந்தச் சரிவுகளில் நெய்தது மரமல்ல, இந்தத் தோல்.

இதுவரை சொன்னதெல்லாம் சராசரிக் கணக்கு. சராசரியைப் பார்த்தால் பாதி கதைதான் தெரியும். கறுப்பு மண் சரிவு முழுக்கப் போர்வை விரித்ததுபோலப் பிறக்கவில்லை, திட்டுத்திட்டாகப் பிறந்தது. வயலில் ஆட்டுக்கிடை போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: கிடை கிடந்த இடத்தில் பயிர் கருகருவென்று நிற்கும், பட்டிக்கு வெளியே ஒரு முழம் தள்ளி வெளிறி நிற்கும். காரகானா புதரும் இப்படித்தான். காற்றில் பறக்கும் தூசியும் சருகும் அதன் காலடியில் தங்கும், நிழலில் ஈரம் நிற்கும், வேர் பக்கத்திலிருந்தெல்லாம் இழுத்துவந்து அங்கேயே உதிர்க்கும். புதருக்கும் புதருக்கும் நடுவே வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கும்.

இந்தத் திட்டுகளை அளக்கும் கருவிக்கும் ஒரு பிறந்த கதை உண்டு. அது பிறந்தது தங்கச் சுரங்கத்தில். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் சுரங்கங்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் துளையிட்டு எடுத்த மாதிரிகளை வைத்துக்கொண்டு, துளையிடாத இடத்தில் எவ்வளவு தங்கம் இருக்கும் என்று கணிக்க வழி தேடினார் டானி கிரீக் என்ற பொறியாளர். 1951-ல் அதை வெளியிட்டார். பிரான்சின் ஜார்ஜ் மாத்தரோன் அதற்குக் கணித உடல் கொடுத்து, கிரீக்கின் பெயரையே சூட்டினார்: கிரீகிங். 1980-ல் பர்கெஸ், வெப்ஸ்டர் என்ற இருவர் அதை மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள். விஷயம் எளிது. பக்கத்துப் பக்கத்தில் எடுத்த இரண்டு பிடி மண் ஒன்றைப்போல இன்னொன்று இருக்கும். தள்ளிப் போகப் போக ஒற்றுமை குறையும். எவ்வளவு தூரத்தில் ஒற்றுமை அறவே அற்றுப்போகிறது என்று கண்டுபிடித்தால், ஒரு திட்டின் அகலம் தெரிந்துவிடும். பல தலைமுறை உழுத வயலில் அந்தத் தூரம் நீளம். கலப்பை எல்லாவற்றையும் கலக்கிச் சமமாக்கியிருக்கும். புதர்ச்சரிவில் அது புதர் இடைவெளிக்குள் முடிந்துவிடும்.

திட்டு என்பது நல்லதா கெட்டதா? 1990-ல் ‘சயின்ஸ்’ இதழில் வில்லியம் ஷ்லெசிங்கரும் மற்றவர்களும் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பற்றி எழுதியது இந்தத் துறையில் பெயர்பெற்ற கட்டுரை. அங்கே சமமாகப் பரவியிருந்த புல்வெளியை மேய்ச்சல் அழித்து முள்புதர் புகுந்தபோது, சத்து புதரடியில் குவிந்து, இடைவெளி மொட்டையானது. அங்கே திட்டு என்பது நிலம் பாலையாகிக்கொண்டிருப்பதன் அடையாளம். லோயஸ் சரிவில் அதே படம், அர்த்தம் தலைகீழ். ஏற்கெனவே எல்லாம் போய்ச் சமமாக வறுமைப்பட்ட மண்ணில் முதல் சேமிப்பு திட்டாகத்தானே தெரியும்? படத்தை மட்டும் பார்த்து நோயா குணமா என்று சொல்ல முடியாது. நேற்று அங்கே என்ன இருந்தது என்று கேட்க வேண்டும். மறுசீரமைப்பு அறிக்கைகளில் ‘ஒரே சீரான வளர்ச்சி’ என்று பெருமையாக எழுதுவதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தேகம்தான் வருகிறது.

மலையின் வடிவமும் தன் பங்குக்குத் திட்டு போடுகிறது. வடக்கு பார்த்த சரிவில் வெயில் குறைவு, ஈரம் தங்கும், சருகு அதிகம், மண் கருப்பு. தெற்கு பார்த்த சரிவு அதே வயதில், அதே மரத்தோடு, வெளிறித்தான் இருக்கும். மேட்டில் இழந்தது அடிவாரத்தில் சேரும். ஓடைகளின் குறுக்கே வண்டல் பிடிக்கும் தடுப்பணை கட்டுவது அங்கே பழைய வழக்கம். 1569-ல் ஷென்சியின் வடபகுதியில் மலை சரிந்து ஓடையை அடைத்ததில் தானாகவே ஓர் அணை உண்டாகி, அதன் பின்னால் தட்டையான வயல் விரிந்தது. அதைப் பார்த்துத்தான் மக்கள் கற்றுக்கொண்டார்கள் என்பார்கள். இன்றும் அந்தப் பகுதியில் நல்ல மக்காச்சோளம் விளைவது மலைமேல் அல்ல, இந்த வண்டல் தட்டுகளில்.

1999-ல் பீடபூமியில் 31.6 விழுக்காடாக இருந்த தாவரப் போர்வை 2013-ல் 59.6 விழுக்காடானது. மஞ்சள் ஆற்றின் வண்டல் 160 கோடி டன்னிலிருந்து 30 கோடி டன்னுக்கும் கீழே இறங்கியது. அணையும் படிக்கட்டு வயலும் அதில் பெரும்பங்கு உழைத்தன, தாவரமும் உழைத்தது. இந்த அளவில் இதற்கு நிகரான சாதனை வேறு எங்கும் நடந்ததாகத் தெரியவில்லை. பாராட்டியாகிவிட்டது, இனி விலை.

மண்ணுக்குச் சத்து சேர்க்கும் அதே மரம் நீரைக் குடிக்கிறது. யேனான் பக்கம் ஆண்டு மழை 500 மில்லிமீட்டர் சொச்சம். வடக்கே போகப் போக 400-க்கும் கீழ். ராபினியாவும் குதிரைமசாலும் ஆண்டு மழை போதாமல் ஆழத்து ஈரத்தை எடுக்கின்றன. குதிரைமசால் வேர் 10 மீட்டருக்கும் கீழே போகும். பாறைவரை தூசியான அந்த மண்ணில் நிலத்தடி நீர் எங்கோ அதலபாதாளத்தில் இருக்கிறது. மழை அவ்வளவு தூரம் இறங்கி இழந்த ஈரத்தை ஈடுகட்டுவதில்லை. விளைவு, வேர் மட்டத்தில் நிரந்தரமான ஒரு வறண்ட அடுக்கு. மேலே விரலளவு கறுப்பு, கீழே சில மீட்டர் வறட்சி. அங்கே ‘குட்டைக் கிழமரம்’ என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள்: முந்தைய மரநடவு இயக்கங்களில் நட்ட பாப்லார், வயது முப்பது நாற்பது, உயரமோ வயதுக்குப் பொருந்தாத குட்டை, நுனி பட்டுப்போய் நிற்கும். 2016-ல் ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ இதழில் சீன ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள்: மனிதருக்கும் ஆற்றுக்கும் நீர் மிஞ்ச வேண்டுமென்றால் இந்தப் பீடபூமியில் தாவரம் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 400 கிராம் கரிமம் வரைதான் கட்ட முடியும், அந்த வரம்பை நெருங்கியாகிவிட்டது.

அப்படியென்றால் எதைத்தான் வைப்பது? விடை தேடி இரண்டு இடங்களுக்குப் போகலாம். ஒன்று நிங்சியாவில் குயுவான் பக்கத்து யுன்வூ மலை. 1982-ல் காப்பகமாக அறிவித்து வேலி போட்டார்கள், ஆட்டை வெளியே நிறுத்தினார்கள், வேறு ஒன்றும் செய்யவில்லை. ஊசிப்புல் தானாக மூடியது. இன்று அதன் மண் அந்த வட்டாரத்திலேயே கரிமச்சத்து மிகுந்த மண்களில் ஒன்று. இன்னொன்று ஷென்சி, கான்சு எல்லையிலுள்ள சுவூலிங் மலைத்தொடர். 1860களில் அங்கே நடந்த பெருங்கலகத்தில் மக்கள் மாண்டார்கள், எஞ்சியவர்கள் ஓடினார்கள், வயல்கள் கைவிடப்பட்டன. நடுவதற்கு ஆளே இல்லை. முதலில் புல், பிறகு புதர், பிறகு காட்டுப் பாப்லாரும் பிர்ச்சும், கடைசியில் ஓக். ஒரு துயரம் விட்டுப்போன நிலம், மண் ஆய்வாளர்களுக்கு ஒன்றரை நூற்றாண்டுப் பாடமாகிவிட்டது. அந்த ஓக் காட்டின் அடியில்தான் கறுப்பு உண்மையிலேயே ஆழமாக இறங்கியிருக்கிறது.

என் தீர்ப்பு இது. பீடபூமியின் ஈரம் இருக்கும் தென்பகுதியில், வடக்கு பார்த்த சரிவில் மரம் சரி. அதுவும் நெருக்கி நடாமல். 400 மில்லிமீட்டருக்குக் கீழே மழை பெய்யும் சரிவில் மரம் நட மானியம் கொடுத்தது தப்பு. அங்கே வேலியும், புல்லும், இடைவெளி விட்டுக் கொஞ்சம் புதரும் போதும். 8 ஆண்டு மானியத்தைப் புல்லுக்குக் கொடுத்துவிட்டு 2 ஆண்டை மரத்துக்குக் கொடுத்திருந்தால், பணமும் நீரும் மிஞ்சியிருக்கும். கறுப்பு மண்ணும் பெரிதாகக் குறைந்திருக்காது.